கூலி என்னும் சொல்

பதுளையிலிருந்து பசறையைக் கடந்து பிபிலைக்குச் செல்லும் பாதையில் லுணுகலை இருக்கிறது. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்கள் அதனை அடுத்துள்ளன. இத்தகைய தோட்டங்களின் மக்களை ஆங்கிலத் துரைமார் ஒரே சொல்லாற் குறித்தனர். 'கூலி' என்பதே அச்சொல்.

தமிழில் கூலி என்பது ஆளைக் குறிப்பதன்று. உழைப்பின் ஊதியத்தைக் குறிப்பது. முயற்சி தரும் பயனுக்கு வள்ளுவரும் இச்சொல்லையே ஆண்டிருக்கிறார். ஊதியம் பெறுபவன் கூலியாள். ஐரோப்பியர் வாயில் இச்சொல் புகுந்தபோது 'ஆள்' உதிர்ந்துபோயிற்று. குஜராத்தின் கோலி சமூகத்தாரின் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர். சீன மொழியிலோ இச்சொல், 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படும் இரு எழுத்துகளால் எழுதப்படுகிறது.

மூலம் எதுவாயினும் வழக்கில் ஓர் எல்லை இருந்தது. இந்தியரும் சீனரும் யாவகரும் கூலிகள். ஐரோப்பியத் தொழிலாளியை அவ்வாறு அழைக்கும் வழக்கம் இல்லை. துரையும் சம்பளம் வாங்கியவர்தாமே! தென்னாபிரிக்காவில் தொழிலென்ற பொருளும் கழன்றுவிட்டது. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். சொல் சுட்டியது வேலையை அன்று, இனத்தை.

இலங்கைத் தோட்டங்களில் குடியிருப்பு 'கூலி லயன்' ஆயிற்று. துரைமார் கற்ற ஏவல்மொழிக்குக் 'கூலித் தமிழ்' என்று பெயர். தொழிலாளரோ ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றே வழங்கினர். குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு ஆகிய இடத்திலேயே, பேர் என்ற சொல் ஊதியக் கணக்கிற்கு ஆனது விந்தையே.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே பிரித்தது. இலங்கையிற் பிறந்தவர்க்கும் அதே பெயர்தான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்தோர் பலரிடம் பிறப்புப் பத்திரமே இல்லை. பெரும்பாலோர் நாடற்றவராயினர், இச்சிக்கலின் எச்சத்தைத் தீர்க்க 2003இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது.

'மலையகத் தமிழர்' என்பது இம்மக்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலும் அவர்கள் 'இந்தியத் தமிழர்' என்றே எண்ணப்பட்டனர்.