எபிசோட் 41: ஏத்தத்துல மட்டும் கத்துற என்ஜின்

போன எபிசோட்ல பேட்டரி பத்திப் பேசும்போது, "எங்க பெரியப்பா வண்டிக் கதையை ஒரு நாள் சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். இன்னைக்கு அதுதான். முதல்ல இதைக் கேளுங்க.

[பன்னிரண்டு நொடி ஒலிப்பதிவு]

தகர டப்பாவுல நாலஞ்சு கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்குல்ல? கொல்லிமலை ரோட்டுல, காரவள்ளி தாண்டி ஏறும்போது என் போன்ல பதிவு பண்ணினது. வண்டி 1997 மாடல் மாருதி ஆம்னி. பின்சீட்டைக் கழட்டிட்டு உள்ளே 150 முட்டை அட்டை. அட்டைக்கு 30 முட்டை, ஒரு முட்டை 55 கிராம்னு வைங்க, முட்டை மட்டுமே கிட்டத்தட்ட கால் டன். 796 சிசி என்ஜினுக்கு அது சும்மா இல்லீங்க.

பெரியப்பாவுக்கு நாமக்கல் பக்கத்துல சின்னதா முட்டை வியாபாரம். ரொம்ப வருஷமா டவுனுக்குள்ள மட்டும் போட்டுட்டு இருந்தாரு. இந்த வருஷம்தான் செம்மேட்டுல சில கடைகள் கிடைச்சுது, வாரம் ரெண்டு தடவை மலை ஏறணும். ஏறின முதல் மாசத்துலயே இந்தச் சத்தம். வழக்கமா போற பட்டறையில, "என்ஜினை இறக்கணும், பிஸ்டன் செட்டு மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னாங்க. வண்டியை வித்தாலே அவ்வளவு வராது. பெரியப்பா வண்டியைக் காயலாங்கடைக்குப் போட்டுட்டு, கடன் வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் எடுக்கலாம்னு முடிவே பண்ணிட்டாரு. மாசத் தவணை கட்டினா மலை வியாபாரத்துல மிஞ்சுறது ஒண்ணுமில்ல. அது அவருக்கும் தெரியும்.

இந்தச் சத்தத்துக்குப் பட்டறையில பேரு 'நாக்கிங்'. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். பெட்ரோல் என்ஜின்ல பிளக்கு பொறி விட்டதும் எல்லாம் ஒரே நொடியில வெடிக்கிறதில்ல. பொறி விழுந்த இடத்துல ஆரம்பிச்சு நெருப்பு அலை மாதிரி பரவும். அதுக்கு நேரம் ஆகும்ங்கிறதால, பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பொறி விடுவாங்க. இந்த முன்கூட்டியே விடுற அளவுதான் டைமிங், டிகிரில சொல்வாங்க. என்ஜின் 3,000 ஆர்.பி.எம்-ல ஓடினா ஒரு சுத்துக்கு 20 மில்லிசெகண்ட். 10 டிகிரின்னா அரை மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல. நம்ம சர்வர் லாக்ல கூட இதைக் கவனிக்க மாட்டோம்.

பொறி ரொம்ப முன்னாடி விழுந்தாலோ, உள்ளே சூடு அதிகமானாலோ, நெருப்பு வந்து சேர்றதுக்குள்ள மூலையில மிச்சம் இருக்கிற கலவை அழுத்தத்துல தானா பத்திக்கும். அது பரவாது, ஒரே அடியா வெடிக்கும். அந்த அதிர்ச்சியில சிலிண்டர் மணி அடிச்ச மாதிரி அதிரும், அதுதான் நமக்குக் கேக்குது. லேசா எப்பவாவது வந்தா பரவாயில்ல. பாரம் ஏத்திட்டு மலை முழுக்க இப்படியே ஓட்டினா ரிங் உடையும், ஹெட் கேஸ்கட் போகும், பிஸ்டன்ல ஓட்டையே விழலாம். ஆக, பட்டறையில சொன்ன செலவு அன்னைக்குத் தேவையில்லைன்னாலும், இப்படியே விட்டா ஒரு நாள் நிஜமாயிடும்.

நம்ம ஊர்ல ஓடுற பொலேரோ பிக்கப், தோஸ்த் எல்லாம் பெரும்பாலும் டீசல். அதுல ஐடிலிங்லயே ஒரு கட கட சத்தம் இருக்கும், டீசல் எரியிற விதமே அப்படி. அதோட இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

எனக்குப் போன் வந்தப்போ நான் பெங்களூர்ல இருந்தேன். பெரியப்பா சொன்ன முதல் வாக்கியம்: "கண்ணு, எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை." நானும் யோசிக்காம "ஆமாங்க பெரியப்பா, அதேதான்"னேன். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது ஆன்லைன்ல வாங்கின ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ரெண்டு கையில. அன்னைக்கே புது பிளக்கு போட்டேன், வேற பங்க்ல பெட்ரோல் அடிச்சேன், பூஸ்டரும் ஊத்தினேன். மூணையும் ஒரே நாள்ல. சத்தம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரியும் இருந்துச்சு, குறையாத மாதிரியும் இருந்துச்சு. எதனாலன்னு சொல்ல வழியே இல்ல. ஆபீஸ்ல ஒரு ஜூனியர் இப்படி மூணு மாற்றத்தை ஒண்ணா டிப்ளாய் பண்ணியிருந்தா நான் என்ன பேசியிருப்பேன்னு நினைச்சு வெட்கமா போச்சு.

எத்தனால் விஷயத்தை நேர்மையா பேசணும். அது ரெண்டு பக்கமும் இழுக்கும். ஆக்டேன்ங்கிறது பெட்ரோல் தானா பத்திக்காம தாக்குப்பிடிக்கிற அளவு. நம்ம சாதா பெட்ரோலுக்கு ரொம்ப நாள் 91 இருந்துச்சு, இ20-க்கு பி.ஐ.எஸ் தரம் 95 கேக்குது. அதனால நாக்கிங் குறையத்தான் வேணும். ஆனா ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும்னா, ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு சுமார் 13.5. புது வண்டியில சென்சார் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த அறிவு கிடையாது, பழைய அளவுலயே ஊத்தும். கலவையில காத்தோட பங்கு கூடிப்போகும், சூடும் ஏறலாம். பழைய ரப்பரையும் எத்தனால் சும்மா விடாது. ஆக, குற்றவாளின்னும் சொல்ல முடியல, நிரபராதின்னும் சொல்ல முடியல. (இந்த ஆக்டேனுக்காகத்தான் 1921-ல ஜெனரல் மோட்டார்ஸ்ல தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோல்ல ஈயக் கலவையைச் சேர்த்துப் பார்த்தாரு. இந்தியா முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரில. அது தனி எபிசோட், எழுதி வெச்சிருக்கேன்.)

அடுத்த வாரம் திரும்பப் போனேன். இந்த முறை எதையும் மாத்தல, கவனிக்க மட்டும் செஞ்சேன். ஐடிலிங்ல சத்தம் இல்ல, அப்போ டாப்பெட் இல்ல. அடியில இருந்து 'டொக் டொக்'னு கனமா வரல, அப்போ பேரிங் இல்ல. சேலம் ரோட்டுல காலி வண்டியா 60-ல போனாலும் இல்ல. ஏத்தம், பாரம், மூணாவது கியர், என்ஜின் சூடு, இந்த நாலும் சேரும்போது மட்டும் வருது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை லேசா எடுத்தா அந்த நொடியே நின்னுடுது. நாக்கிங்குக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்ல. டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு மேல போகல, கூலன்ட்டும் குறையல. பிளக்கைக் கழட்டினா மூணு பீங்கானும் சாம்பல் வெள்ளை, காபி நிறம் வரணும். சூடா, காத்து அதிகமா எரியுதுன்னு அர்த்தம்.

அப்போதான் பெரியப்பா பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னாரு. "கேஸ்ல ஓடுறப்போ இந்தத் தொல்லை இல்லியே சாமி."

கேஸா?

வண்டி ஏழெட்டு வருஷம் எல்.பி.ஜி கிட்டுல ஓடியிருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி கிட்டு பழுதாகவும் கழட்டிப் போட்டுட்டாங்க. இது எனக்குத் தெரியவே தெரியாது, நான் கேக்கவும் இல்ல. எல்.பி.ஜி-க்கு ஆக்டேன் 100-க்கு மேல. மெதுவா எரியும்ங்கிறதால கிட்டு மாட்டும்போது டைமிங்கை அட்வான்ஸ் பண்ணி வைக்கிறது வழக்கம். கிட்டைக் கழட்டினவங்க சிலிண்டரை எடுத்தாங்க, பைப்பை எடுத்தாங்க. டைமிங்கைப் பழைய இடத்துக்கு யாரும் கொண்டு வரல. பழைய கான்ஃபிக் ஃபைல் அப்படியே ப்ரொடக்‌ஷன்ல உக்காந்திருக்கு!

அப்புறம் ஏன் ரெண்டு வருஷமா சத்தம் வரல? வண்டி டவுனை விட்டு ஏறவே இல்லையே. மலைக்குப் போனதும், இ20 பேச்சு ஊரெல்லாம் ஓடினதும் ஒரே நேரத்துல நடந்துச்சு, பழி பெட்ரோல் மேல விழுந்துச்சு.

பரமத்தி ரோட்டுல ஒரு பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட டைமிங் லைட் இருந்துச்சு. இப்போ அதை வெச்சிருக்கிறவங்களே குறைவு, பாதிப் பேரு காதாலதான் வைக்கிறாங்க. சீட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து வர்ற வேக்கம் ஓஸைக் கழட்டி அடைச்சு, ஐடிலிங்ல லைட் அடிச்சுப் பார்த்தாரு. குறி இருக்க வேண்டிய இடத்துல இல்ல, நல்லா தள்ளி இருந்துச்சு. "டெல்கோவை யாரு தம்பி இவ்ளோ திருப்பி வெச்சது?"ன்னாரு. டெல்கோன்னா டிஸ்ட்ரிபியூட்டர்தான். நட்டைத் தளர்த்தி, பழைய இடத்துல ஒரு கோடு கீறிட்டு, மேனுவல்ல சொன்ன அளவுக்கு மெல்ல மெல்ல திருப்பி வெச்சாரு. அன்னைக்கு வேற எதையும் தொட வேண்டாம்னு நானே கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். அவருக்குச் சிரிப்பு.

மறுநாள் அதே 150 அட்டை, அதே ரோடு. முக்கால்வாசி சத்தம் போச்சு. பாக்கி கால்வாசி, நல்ல செங்குத்து வளைவுகள்ல மட்டும்.

அதையும் அவரே கண்டுபிடிச்சாரு. கேஸ் கிட்டுக்காக மேனிஃபோல்டுல ஒரு வேக்கம் குழாய் எடுத்திருந்தாங்க. கழட்டும்போது அந்த ரப்பர் ஓஸ்ல ஒரு ஸ்க்ரூவைத் திணிச்சு அடைச்சிருக்காங்க. ரப்பர் வெடிச்சு, அது வழியா காத்து உள்ளே போய்க்கிட்டே இருந்திருக்கு. பிளக்கு வெள்ளையா இருந்ததுக்கு அதுவும் காரணம். அதைச் சரியா அடைச்சு, கார்புரேட்டர் ஜெட்டைக் கழுவினதோட வேலை முடிஞ்சுது. பூஸ்டர் ரெண்டு பாட்டிலுக்கு நான் கொடுத்த காசை விட அவர் வாங்கின கூலி கொஞ்சம்தான் கூட.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பழைய வண்டி கத்துனா, பூஸ்டர் வாங்குறதுக்கு முன்னாடி அதோட பழைய கதையைக் கேளுங்க: கேஸ் கிட்டு இருந்துச்சா, கடைசியா டெல்கோவைத் தொட்டது யாரு. பெட்ரோல் மேல சந்தேகம்னா பங்க்லயே ஃபில்டர் பேப்பர் கேட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், கொடுத்தாகணும். கறை விடாம ஆவியாகணும். புது வண்டின்னா பிளாக்ல இருக்கிற நாக் சென்சாரே சத்தத்தைக் கேட்டு டைமிங்கைப் பின்னாடி தள்ளிடும், உங்களுக்குத் தெரியக்கூட வராது. பழைய வண்டிக்கு அந்தக் காது நம்மகிட்டதான் இருக்கு.

பெரியப்பா கடன் வாங்கல. போன வாரம் போன் பண்ணி, சத்தம் எப்படி இருக்குதுங்கன்னு கேட்டேன். "மேல போகப் போக மூணாவதுல லேசா முனகுது கண்ணு. ரெண்டாவது போட்டா அடங்கிடுது"ன்னாரு.