நினைவகம் போதவில்லையா? படங்களை அழிக்காதீர்கள்

கணினி இறுகி நின்று, நினைவகம் போதவில்லை என்று திரையில் அறிவித்தல் வந்ததும் எமது மக்களில் பலர் படங்களை அழிக்கத் தொடங்குகின்றனர். கிளிநொச்சியில் கணினி திருத்தும் நான் இதை அடிக்கடி காண்கிறேன். 2009இல் அல்பங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்களிடம், வெளிநாட்டு உறவுகள் ஸ்கேன் செய்து அனுப்பிய ஒருசில படங்களே மிச்சம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படமும் முறைப்பாட்டுக் கடிதங்களும் அதே கணினியில்தான் இருக்கும். அவற்றை அழித்தாலும் பெரும்பாலும் அந்த அறிவித்தல் போகாது.

படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். அது அலுமாரி போன்றது. ராம் என்பது வேலை செய்யும் மேசை. இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருட்களே அதை நிரப்புகின்றன. மேசை நிரம்பியதற்கு அலுமாரியை வெறுமையாக்கிப் பயனில்லை. ராமில் இடம் குறையும்போது விண்டோஸ் ஒரு பகுதியை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றும். டிஸ்க் ராமைவிட மிக மெதுவானது. கணினி இழுபடுவது அதனால்தான்.

முதலில் செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமியுங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ‘மெமரி’ என்ற தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். அதிக இடம் பிடிப்பவை மேலே வரும். பல வேளைகளில் அது குரோம்தான். தேவையற்ற பக்கங்களை மூடுங்கள். பெயர் தெரியாதவற்றை நிறுத்த வேண்டாம். ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினியுடன் தாமாகவே தொடங்கும் தேவையற்ற மென்பொருட்களை முடக்குங்கள். பின்னர் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள்.

சி டிரைவ் நிரம்பியிருந்தால் பேஜ் ஃபைல் பெருக இடமிருக்காது. அப்போது மட்டும் டிஸ்க்கில் இடம் ஒதுக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ சென்று ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பகுதியைத் திறவுங்கள். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்பதும் இருக்கும். அதில் சரி அடையாளம் இருந்தால் நீக்கிவிடுங்கள். உறவுகள் அனுப்பி நீங்கள் தரவிறக்கிய படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

4 ஜிபி ராம் உள்ள கணினியில் இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் ராமைக் கூட்டுவதே வழி. டிடிஆர்3 பொருந்தும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. வகையைப் பார்த்து வாங்குங்கள். ராம் கூட்டுவதற்கு ஃபோர்மட் செய்யத் தேவையில்லை. வேறு காரணத்துக்காக யாராவது ஃபோர்மட் செய்யச் சொன்னால், படங்களையும் கடிதங்களையும் இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்து, திறந்து பார்த்த பின்னரே கணினியைக் கொடுங்கள்.