வாந்திபேதி: கிருமியின் நஞ்சு உடலில் செய்வது என்ன?

கிருமி உடலுக்குள் நுழைவதாலேயே எல்லா நோய்களும் உண்டாவதில்லை. சில கிருமிகள் நுழைந்த இடத்திலேயே தங்கி ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. கேட்டை விளைவிப்பது அந்த நஞ்சே. காலரா எனப்படும் வாந்திபேதி இதற்குத் தக்க சான்றாகும்.

1884இல் இராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்து உறுதிசெய்தார். ஆனால் அது உயிரைப் பறிக்கும் விதம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1959இல் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் தே, கிருமிகள் வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, கிருமியற்ற அந்த வடிநீரை முயலின் குடலில் செலுத்தினார். கிருமி இல்லாமலேயே குடலில் நீர் பெருகியது. நஞ்சே காரணம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இந்நஞ்சு குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவதில்லை. அங்குள்ள உயிரணுக்களுக்குள் புகுந்து, நீரையும் உப்பையும் சுரக்கும் இயக்கத்தை நிற்கவிடாமல் செய்கிறது. குழாயைத் திறந்துவிட்டு அடைக்க முடியாதபடி செய்வது போன்றது இது. கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறக்கூடும். இரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகமும் இதயமும் தளர்கின்றன.

எனினும் ஒரு வாயிலை இந்நஞ்சால் அடைக்க இயலாது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். நீரும் உடன் செல்லும். ஓ.ஆர்.எஸ். கரைசலின் அடிப்படை இதுவே. 1971இல் மேற்கு வங்காளத்தின் போங்காவ் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ் இதனை வழங்கியபோது, சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது.

எல்லா வயிற்றுப்போக்கும் காலரா அன்று. ஆயினும் இழந்த நீரை ஈடுசெய்வதே எதற்கும் முதல் மருத்துவம். ஆன்டிபயாடிக் மாத்திரை கிருமியை அழிக்கலாம். இழந்த நீரைத் திருப்பித் தராது. அதனை மருத்துவர் கூறினாலன்றி வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, பேதியாகும் ஒவ்வொரு முறையும் சிறுகச் சிறுகக் கொடுங்கள். 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

கண் குழிதல், சிறுநீர் குறைதல், நாவறட்சி, சோர்ந்து கிடத்தல், எதையும் குடிக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காதீர்கள். தறியில் ஏற்றிய பாவு முடியட்டும் என்று தேசூரில் எவரும் காத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். கரைசலைக் கொடுத்தவாறே உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.