வீட்டுக் கோப்புப் பெட்டியும் வெளியூர்ப் பிள்ளைகளும்



நம் தோட்டத்து வீடுகளில் கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரங்கள், திருமணப் பதிவு, சேமநிதி அறிக்கை, சொக்சோ கடிதம், பிள்ளைகளின் எஸ்.பி.எம். சான்றிதழ், பாட்டியின் சிவப்பு அடையாளக் கார்டு நகல் என்று குடும்பத்தின் காகிதமெல்லாம் அதற்குள்தான். அதன் மதிப்பை நம் மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் நீல அடையாளக் கார்டு கிடைக்காமல், பள்ளிக்கும் வேலைக்கும் அரசாங்க இலாகாவுக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் தோட்டப்புறங்களில் உண்டு.

பெட்டி ஒன்றுதான், பிள்ளைகளோ ஊருக்கு ஒருவராக இருக்கிறார்கள். மூத்தவன் ஜொகூர் பாருவில், மகள் பினாங்குத் தொழிற்சாலையில், இளையவன் சிங்கப்பூரில். முகப்பிடத்தில் நிற்கும் பிள்ளை, "அம்மா, என் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்கிறான். அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து படம் எடுக்கிறான். அது வாட்ஸ்அப்பில் போகிறது. வேலை முடிந்துவிடும். ஆனால் அடையாளக் கார்டின் படமும் பத்திரத்தின் படமும் மூன்று நான்கு பேர் கைப்பேசியில் தங்கிவிடும். அவற்றை யார் அழிப்பார்கள்?

வீட்டிலேயே ஒரு சிறு கருவியை வைத்து, குடும்பக் காகிதங்களின் படங்களையெல்லாம் அதில் சேமித்து, எந்த ஊரில் இருந்தாலும் நம் குடும்பத்தார் மட்டும் திறந்து பார்க்கும்படி செய்யலாம். அதை எப்படி அமைப்பது என்று இன்று பார்ப்போம். கணினியிலும் கைப்பேசியிலும் சேமித்து வைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் எழுத்துக்கும் கோப்பு என்று பெயர். ஆகவே நாம் அமைக்கப்போவது ஒரு கோப்புப் பெட்டி.

"கூகிளிலேயே இலவசமாக வைக்கலாமே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வைக்கலாம், தவறில்லை. ஆனால் அது பிறர் வீட்டுத் திண்ணையில் நம் சாமானை வைப்பது போன்றது. திண்ணைக்காரர் விதியை மாற்றினால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. கூகிள் போட்டோஸில் படங்களை அளவின்றி இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் 15 ஜிகாபைட் வரைதான் இலவசம். கூடினால் மாதக் கட்டணம். இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கத் தொடங்கினார்கள். காலமானவரின் கணக்கில் இருந்த படங்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, கருவிக்கு வருவோம். இதற்கென்றே செய்த பெட்டிகள் கடையில் விற்கின்றன. விலை கூடுதல். நம் தேவைக்கு ரோஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி போதும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தார், பள்ளிப் பிள்ளைகள் கணினியின் உள்வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உருவாக்கி, 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி விற்பனைக்கு விட்டார்கள். அப்போது விலை 35 அமெரிக்க டாலர். பின்னால் வந்த வகைகளுக்கு விலை கூடியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பச்சை அட்டை, அவ்வளவுதான். 2019-இல் வந்த நான்காம் வகை நம் வேலைக்குத் தாராளம். வீட்டில் பழைய மடிக்கணினி சும்மா கிடந்தால் அதுவும் ஆகும். ஆனால் அதன் பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். தீப்பிடிக்கும் பொருள் அது.

இரவும் பகலும் ஓடும் கருவி என்றவுடன் தாய்மார்களுக்கு மின் கட்டணம் நினைவுக்கு வரும். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். கருவியும் அதனுடன் சேர்ந்த ஹார்ட் டிஸ்க்கும் 10 வாட் எடுப்பதாகக் கூட்டியே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 24 மணி நேரம், மாதத்துக்கு 30 நாள், 7.2 யூனிட் வருகிறது. 60 வாட் மின்விசிறி ஒன்றை நாள்தோறும் நான்கு மணி நேரம் சுழலவிட்டாலும் இதே 7.2 யூனிட்தான்.

அடுத்து, படங்களை எங்கே சேமிப்பது? கருவியில் செருகும் சிறு மெமரி கார்டில் அதன் இயக்க முறை மட்டும் இருக்கட்டும். ஓயாமல் எழுதி அழித்தால் அந்தக் கார்டு சீக்கிரம் கெட்டுவிடும். கோப்புகளுக்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும். ஒரு பத்திரத்தின் படம் 3 மெகாபைட் என்றால், 1 டெராபைட் டிஸ்க்கில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் அடங்கும். ஒரு தோட்டத்தின் காகிதம் முழுவதையுமே வைத்துவிடலாம்!

அமைக்கும் வேலை ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும். படிவம் நான்கு, ஐந்தில் படிக்கும் பிள்ளைகள் செய்யக்கூடியதே. வழக்கமாகப் பையன்களைத்தான் கூப்பிடுகிறார்கள். பொறுமையாகப் படித்துச் செய்யும் பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள் என்பது நம் கருத்து. முதலில் வேறொரு கணினியில் ரோஸ்பெர்ரி பை இமேஜர் என்னும் செயலியைக் கொண்டு இயக்க முறையைக் கார்டில் எழுத வேண்டும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்போதே அமைத்துக்கொள்ளலாம். முன்பு இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பெயர் பை, கடவுச்சொல் ரோஸ்பெர்ரி என்றே இருந்தது. ஒரு லயம் முழுவதற்கும் ஒரே சாவி கொடுத்த கதைதான். 2022 ஏப்ரலில் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். பழைய கருவியை யாராவது கொடுத்தால், முதல் வேலையாகக் கார்டைப் புதிதாக எழுதுங்கள்.

கார்டைச் செருகி, கருவியைக் கேபிள் வழியாக மோடத்தோடு இணைத்து, ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்த பிறகு, சம்பா என்னும் மென்பொருளை நிறுவ வேண்டும். நடன சம்பா அல்ல. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் வெளியிட்டது இது, விலை கிடையாது. இதை நிறுவியதும், வீட்டிலுள்ள மற்றக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் நம் டிஸ்க் ஓர் உறையாகத் தெரியும். ஐபோனில் ஏற்கெனவே உள்ள கோப்புச் செயலியே போதும். ஆண்ட்ராய்டில் இதற்கு ஏற்ற கோப்புச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். இதுவரை எல்லாம் வீட்டுக்குள் நடக்கும் காரியம். சுலபம்.

வெளியூரிலிருந்து திறப்பதில்தான் சிக்கலும் ஆபத்தும் இருக்கின்றன. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முன்பு தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எப்படி வந்தன என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. எல்லாம் தோட்ட ஆபீசின் பெயருக்கு வரும். கிராணி பிரித்துக் கொடுப்பார். இணையத்திலும் இன்று இதே நிலைதான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் வேண்டும். பழைய முறையில் அமைந்த இந்த எண்கள் மொத்தமே 430 கோடிக்குச் சற்றுக் குறைவு. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் தொலைபேசி நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைத்து நடத்துகின்றன. தோட்டத்தில் சிம் கார்டு போட்ட மோடம் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். இந்தக் கிராணி ஒரு விதியும் வைத்திருக்கிறார்: நாம் முதலில் கடிதம் போட்டிருந்தால்தான் பதிலை நம் கையில் கொடுப்பார். தானாக வரும் கடிதத்தை, யாருக்கென்று தெரியாததால், திருப்பிவிடுவார். ஜொகூர் பாருவிலிருந்து மகன் வீட்டுக் கருவியைத் தட்டினால் கதவு திறக்காததற்குக் காரணம் இதுதான்.

தனி எண் கிடைக்கும் வீடுகளில் சிலர் மோடத்திலேயே ஒரு வாசலைத் திறந்துவிடச் சொல்லிக் கொடுப்பார்கள். அதைச் செய்ய வேண்டாம். வாசல் மகனுக்கு மட்டும் திறப்பதில்லை, ஊருக்கே திறக்கிறது. திறந்த வாசல்களைத் தேடி இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும் கணினிகள் இணையத்தில் ஏராளம். 2021 ஜூன் மாதத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்னும் பெட்டிகளை வைத்திருந்தவர்கள் ஒருநாள் திறந்து பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்கள் இல்லை. இணையத்தின் வழியே நுழைந்தவர்கள் துடைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டிகளுக்கு 2015-க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வரவில்லை. 2022 ஜனவரியில் கியூநாப் பெட்டிகளுக்குள் டெட்போல்ட் என்ற கூட்டம் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது.

அப்படியானால் வழி என்ன? வீட்டுக் கருவியே முதலில் வெளியே கடிதம் போடட்டும். வயர்கார்டு என்ற முறை 2020 மார்ச்சில் லினக்ஸ் இயக்க முறையோடு சேர்க்கப்பட்டது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு சாவிகள்: ஒன்றை மற்றக் கருவிகளுக்குக் கொடுக்கலாம், மற்றது கருவியை விட்டு வெளியேறாது. சாவி பொருந்தாதவர் எவ்வளவு தட்டினாலும் பதிலே வராது. அங்கே ஒரு கதவு இருப்பதாகக்கூட அவருக்குத் தெரியாது. இந்த முறையின்மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் என்னும் சேவை, குடும்ப உபயோகத்துக்கு இலவசம். வீட்டுக் கருவியும் மகனின் கைப்பேசியும் தாமே வெளியே வந்து இந்த நடுவரிடம் பெயர் பதிந்துகொள்ளும். நடுவர் ஒருவரை ஒருவருக்கு அறிமுகம் செய்து வைப்பார். கடிதத்தைப் பிரித்துப் படிக்க அவரால் முடியாது. சாவி அவரிடம் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டுக் கருவியில் டெயில்ஸ்கேலை நிறுவி ஒரு குடும்பக் கணக்கில் நுழையுங்கள். பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் 100 என்று தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். வீட்டுக் கருவியின் அந்த எண்ணைக் கோப்புச் செயலியில் கொடுத்தால், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்கும் வீட்டு உறை திறக்கும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அந்தக் குடும்பக் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள். அந்தக் கணக்கே முழு வீட்டின் சாவி. இரண்டாவது, வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு கருவியின் அனுமதியும் 180 நாளில் காலாவதியாகும். வீட்டுக் கருவிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் நன்றாக வேலை செய்துவிட்டு, அவசரமான ஒருநாளில் காரணம் சொல்லாமல் நின்றுவிடும்.

தோட்டத்து இணைப்பில் வெளியே அனுப்பும் வேகம் குறைவு. பத்திரங்களைப் பார்க்க அது போதும். கல்யாண வீடியோவை இதன் வழியே பார்க்க நினைத்தால் வெறுப்புத்தான் வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டி ஒன்றே என்றால் ஆபத்து நீங்கவில்லை. இடி விழும், டிஸ்க் பழுதாகும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் ஏறிய வெள்ளத்தில் வீட்டுச் சாமான்கள் எல்லாம் மூழ்கின. கருவியைத் தரையில் வைக்காமல் உயரமான தட்டில் வையுங்கள். அதோடு, இன்னொரு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்து வேறு ஊரிலுள்ள அக்காள் வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் எப்படியும் போய் வருகிறோம். அப்போது புதிய பிரதியைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம்.

படம் மூலப் பத்திரம் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். பதிவு இலாகா மூலத்தைத்தான் கேட்கும். ஆனால் மூலம் தொலைந்துபோனால், பத்திர எண்ணும் பதிவு செய்த தேதியும் இடமும் கையில் இருப்பது பெரிய உதவி. எண் தெரியாமல் தேடுவதற்கும் எண்ணோடு போய்க் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே படம் எடுக்கும்போது நான்கு மூலையும், பின்பக்கத்து முத்திரையும் தெளிவாக விழும்படி எடுங்கள். கோப்புக்கு "படம் 0047" என்று பெயர் இருந்தால் யாருக்கும் பயனில்லை. "முத்தம்மாள் பிறப்புப் பத்திரம்" என்று ஆளின் பெயரையும் காகிதத்தின் பெயரையும் எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். வீட்டு வைஃபையில் நின்று சோதிப்பது சோதனை அல்ல. பட்டணத்துப் பேருந்து நிலையத்துக்குப் போய், கைப்பேசியின் சொந்தத் தரவில் ஒரு பத்திரத்தைத் திறந்து, எண் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளில் யாருடைய கைப்பேசியாவது தொலைந்துபோனால், அன்றைக்கே குடும்பக் கணக்கைத் திறந்து அந்தக் கைப்பேசியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி, சம்பா கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள்.