விண்வெளிப் போர் விளையாட்டு: மாதக்கணக்கில் உழைப்பதா, உடனே களத்தில் இறங்குவதா?

கேமரன் மலை – தேயிலைச் செடி நட்டவுடன் கொழுந்து தருவதில்லை. நாற்றை நட்டு, கவாத்து செய்து, பறிப்பதற்கு ஏற்ற மட்டத்துக்குக் கொண்டுவர 3 அல்லது 4 ஆண்டுகள் பிடிக்கும். அதன் பிறகும் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க 4 கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைச் சரிவுகளில் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அறிந்த கணக்கு இது. பொறுமையாக உழைத்தால்தான் கூடை நிறையும். கூடையை நிறுத்த பிறகுதான் கூலி.

அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறொரு உழைப்பையும் செய்கிறார்கள். இதற்குக் கூலி கிடையாது. பல நேரங்களில் கையிலிருந்துதான் பணம் போகும். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் இதற்குக் ‘கிரைண்டிங்’ என்று பெயர்.

மலேசியப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கைப்பேசியில் மொபைல் லெஜண்ட்ஸ் போன்றவற்றை ஆடுபவர்கள். விண்வெளிப் போர் விளையாட்டுகளுக்கு வருகிறவர்கள் குறைவுதான். ஆனால் கைப்பேசி விளையாட்டுகள் நேரத்தையும் பணத்தையும் எப்படி வாங்கிக்கொள்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள விண்வெளி விளையாட்டுகளே தெளிவான பாடம். இங்கே இரண்டு பாதைகளும் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்றில் மாதக்கணக்கில் உழைத்துப் பெரிய கப்பலை வாங்க வேண்டும். மற்றொன்றில் பொத்தானை அழுத்தியதும் சண்டை தொடங்கிவிடும்.

அரைத்த மாவையே அரைப்பது

கிரைண்டிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அரைத்தல் என்பதே நேர்ப் பொருள். விளையாட்டில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து புள்ளியோ காசோ பொருளோ சேர்ப்பதை அது குறிக்கும். எதிரியின் சிறிய கப்பல்களை நூறு முறை வீழ்த்துவது, விண்கல்லை வெட்டித் தாதுவை எடுத்து விற்பது, ஓர் ஊரில் வாங்கிய சரக்கை இன்னோர் ஊரில் கொண்டுபோய் இறக்குவது எல்லாம் இதில் அடங்கும்.

வீட்டுப் பேச்சில் இதற்கு நல்ல தொடர் ஒன்று உண்டு: அரைத்த மாவையே அரைப்பது. ஆனால் எல்லா அரைத்தலும் வீண் அல்ல. அரிசியை அரைத்தால் மாவு கிடைக்கும். மாவையே மறுபடி அரைத்தால் கை வலிதான் மிச்சம். ஒரு விளையாட்டு இவற்றில் எதைச் செய்யச் சொல்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

இரண்டு பாதைகளும் பழையவை

1962-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். திரையின் நடுவே ஈர்ப்பு விசை கொண்ட ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றி இரண்டு கப்பல்கள், இரண்டு ஆட்டக்காரர்கள். சேர்த்து வைக்க எதுவும் இல்லை. உட்கார்ந்ததும் சண்டைதான். தோற்றால் மறுபடி முதலிலிருந்து. உடனடி ஆட்டத்தின் மூத்த பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

1984-இல் பிரிட்டனில் டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் ‘எலைட்’ விளையாட்டை வெளியிட்டார்கள். ஒருவர் மட்டுமே ஆடுவது அது. கையில் 100 கிரெடிட்டுடன் தொடங்கி, வியாபாரம் செய்து, ஆயுதம் வாங்கி, படிப்படியாக உயர வேண்டும். ‘எலைட்’ என்ற உச்சப் பட்டத்தைப் பெற 6,400 கப்பல்களை வீழ்த்த வேண்டும். இணையம் பரவியதும் இந்த இரண்டு பாதைகளும் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளுக்குள் வந்து சேர்ந்தன.

ஈவ் ஆன்லைன்: உழைப்பின் உச்சம்

உழைப்புப் பாதையின் பெரிய எடுத்துக்காட்டு, ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’. 7,000-க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் கொண்ட ஓர் அண்டத்தில் பல நாட்டு ஆட்டக்காரர்களும் ஒன்றாக இருக்கிறார்கள். கப்பல்களை ஆட்டக்காரர்களே கட்டுகிறார்கள். அதற்கான தாதுவையும் அவர்களே வெட்டுகிறார்கள். போரில் ஒரு கப்பல் அழிந்தால் அழிந்ததுதான், திரும்பக் கிடைக்காது.

கப்பலோட்டும் திறன்கூட ஆடுவதால் வளர்வதில்லை. எதைக் கற்க வேண்டும் என்று பட்டியலிட்டுவிட்டால், ஆட்டக்காரர் தூங்கினாலும் கடிகாரம் ஓட ஓட அந்தத் திறன் ஏறும். சில திறன்களுக்குச் சில நிமிடங்கள், சிலவற்றுக்கு வாரக்கணக்கு. மிகப் பெரிய ‘டைட்டன்’ கப்பலை ஓட்டும் நிலைக்கு வர ஆண்டுகள் ஆகலாம்.

இதை ஏன் ஆடுகிறார்கள்? 2014 ஜனவரி 27, 28-இல் நடந்த ஒரு போர் அதற்குப் பதில் சொல்கிறது. பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தின் பராமரிப்புக் கட்டணம் உரிய நேரத்தில் கட்டப்படாமல் போனது. எதிரணி அதைக் கண்டுகொண்டு உள்ளே நுழைந்தது. ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்த சண்டையில் 7,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 75 டைட்டன்கள் அழிந்தன. இழப்பின் மதிப்பு 3 லட்சம் அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது. மாதக்கணக்கான உழைப்பு பின்னால் இருந்ததால்தான் ஒவ்வொரு கப்பல் வெடித்ததும் அத்தனை கனமாக இருந்தது. இழக்க எதுவும் இல்லாத சண்டையில் அந்தப் படபடப்பு வராது.

உடனடி ஆட்டம்: நேர்மையானது, ஆனால் லேசானது

மற்றப் பாதைக்கு எடுத்துக்காட்டு, 2020 அக்டோபரில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ்’. ஐவருக்கு ஐவர் மோதும் வான்சண்டை அதன் அடிப்படை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும், உள்ளே மேற்கொண்டு பணம் கேட்கும் கடை இல்லை. ஆடி ஆடிப் புதிய பாகங்களைத் திறக்கலாம் என்றாலும், புதிதாக வந்தவரும் முதல் நாளே நல்ல கப்பலுடன் களத்தில் நிற்கலாம். வெற்றி பெரும்பாலும் கைத்திறனைப் பொறுத்தது.

இதிலும் குறை உண்டு. கைத்திறனே எல்லாம் என்றால் அனுபவசாலியிடம் புதியவர் தொடர்ந்து அடிவாங்குவார். சேர்த்து வைத்தது எதுவும் இல்லாததால் விட்டுப் போவதும் எளிது. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டு புதிய கப்பல்கள் சேர்க்கப்பட்டதோடு பெரிய சேர்க்கைகள் நின்றுவிட்டன. ஆள் குறைந்தால் எதிராளி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். உடனடி ஆட்டம் அப்போது உடனடியாக இருக்காது.

மலைப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வான்சண்டையில் நொடியின் சிறு பகுதி தாமதமானாலும் குறி தவறும். இணையத் தொடர்பு தடுமாறும் வளைவிலோ மேட்டிலோ உள்ள வீட்டில், கைத்திறன் இருந்தும் தோற்க நேரிடும். ஈவ் விளையாட்டின் சர்வரோ நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கும். லண்டனில் இருக்கும் அந்தச் சர்வருக்குச் செய்தி போய்வரும் தாமதம் அங்கே பெரிய பாதகம் அல்ல. நல்ல இணைய வசதி இல்லாதவரை மெதுவான விளையாட்டு ஈர்ப்பதற்கு இப்படி ஒரு காரணமும் உண்டு.

வலியும் மருந்தும் ஒரே கடையில்

உழைப்பும் வேகமும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். அந்த உழைப்பைத் தாண்டிப் போக நிறுவனமே சீட்டு விற்கத் தொடங்கும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

2017 நவம்பரில் இஏ நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்பிரண்ட் 2’ விளையாட்டை வெளியிட்டது. விண்கலச் சண்டையும் அதில் ஒரு பகுதி. முழு விலை கொடுத்து வாங்கியவரும் டார்த் வேடர் போன்ற புகழ்பெற்ற பாத்திரத்தை ஆட 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். அதற்குச் சுமார் 40 மணி நேரம் ஆகும் என்று ஓர் ஆட்டக்காரர் கணக்கிட்டார். அதே நேரத்தில் ‘லூட் பாக்ஸ்’ எனப்படும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்கவும் ஏற்பாடு இருந்தது.

உழைத்துத் திறந்தால் பெருமையும் சாதனை உணர்வும் கிடைக்கும் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு வாக்குகள் விழுந்தன. கிரெடிட் தேவை 75 விழுக்காடு குறைக்கப்பட்டது. வெளியீட்டுக்குச் சற்று முன் பண விற்பனையும் நிறுத்தப்பட்டது. 2018-இல் பாத்திரங்கள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டு, காசுக்குத் தோற்ற அலங்காரம் மட்டும் என்றானது. அதே ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், வேறு சில விளையாட்டுகளில் இருந்த லூட் பாக்ஸ்கள் சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தது.

ஈவ் விளையாட்டும் இதற்கு விலக்கல்ல. 2016 பிப்ரவரியில் ஒருவர் சேர்த்த திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்து மற்றவருக்கு விற்கும் வசதி வந்தது. விளையாட்டுக் காசுக்கு விற்கப்படும் அந்தப் புள்ளிகளை, உண்மைப் பணத்தை விளையாட்டுக் காசாக மாற்றிக்கொண்டவரும் வாங்கலாம். கடிகாரம் மட்டுமே தந்து வந்ததைப் பணமும் தரத் தொடங்கியது. வழியில் பள்ளம் வெட்டியவரே பாலத்துக்குச் சுங்கம் கேட்பது போன்ற ஏற்பாடு இது. பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வசூல்.

மலைக் கணக்கு

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. மணிக்குப் பார்த்தால் 8 வெள்ளி 17 காசு. ஈவ் விளையாட்டை இலவசமாகவும் ஆடலாம். ஆனால் முழு வசதிக்கு மாதச் சந்தா ஏறக்குறைய 20 அமெரிக்க டாலர், அதாவது 80 வெள்ளி அளவில். குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு அது 10 மணி நேர உழைப்பு.

டார்த் வேடருக்குக் கேட்ட 40 மணி நேரத்தையும் இதே அளவுகோலில் வைத்தால் 326 வெள்ளி 80 காசு வருகிறது. சட்டப்படி ஒரு வாரத்தின் சாதாரண வேலை நேரம் 45 மணி. ஒரே ஒரு பாத்திரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வார வேலை கேட்கப்பட்டது.

நேர வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. லண்டனில் இரவு 8 மணி என்றால் கேமரன் மலையில் விடியற்காலை 3 அல்லது 4 மணி. ஐரோப்பியர் நடத்தும் கூட்டணியில் சேர்ந்த பிள்ளை பெரிய சண்டையைத் தவறவிடக் கூடாது என்று விழித்திருந்தால், அப்பா பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில்தான் படுக்கப் போகும். ஆசிய பசிபிக் நேரத்தில் இயங்கும் குழுக்களும் இருக்கின்றன. ஆட விரும்புகிறவர் அவற்றைத் தேடிச் சேர்வது தூக்கத்தைக் காப்பாற்றும்.

உழைப்பு எங்கே தங்குகிறது?

கொழுந்து பறித்த பாட்டிக்கு எந்த இலை முற்றியது, எது பறிக்கும் பதம் என்று கண் பார்க்கும் முன் விரல் சொல்லும். கூலி குறைவாக இருந்திருக்கலாம். அந்தத் திறனை ஆனால் யாரும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியவில்லை. விளையாட்டுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். செலவிட்ட நேரம் ஆடுபவரின் கையிலும் மூளையிலும் நட்பிலும் தங்குகிறதா, அல்லது நிறுவனத்தின் சர்வரில் ஓர் எண்ணாக மட்டும் தங்குகிறதா? சர்வர் மூடப்படும் நாளில் அந்த எண் போய்விடும்.

ஈவ் விளையாட்டில் நூற்றுக்கணக்கானோரை ஒருங்கிணைத்துப் படை நடத்துகிறவர், சந்தை விலையைக் கணித்து வியாபாரம் செய்கிறவர் ஏதோ ஒன்றைக் கற்கிறார். அதே விளையாட்டில் தினமும் ஐந்து மணி நேரம் விண்கல்லை வெட்டிக்கொண்டே இருப்பவர் மாவையே அரைக்கிறார். உடனடி ஆட்டமும் அப்படித்தான். ஒவ்வொரு தோல்வியிலும் எங்கே பிசகியது என்று பார்ப்பவரின் கை தேறும். “இன்னும் ஒரே ஓர் ஆட்டம்” என்று நள்ளிரவு தாண்டுபவருக்கு மிஞ்சுவது தூக்கக் கலக்கம்.

பெற்றோர் விளையாட்டையே பிடுங்கி வைப்பதற்கு முன் பிள்ளையிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். நேற்று தெரியாத எதை இன்று ஆட்டத்தில் செய்ய முடிகிறது? ஒரு வாரம் ஆடாவிட்டால் எதை இழக்க நேரிடும்? காசு கேட்கும் கடை உள்ளே இருக்கிறதா, அதில் அப்பா அம்மாவின் அட்டை எண் பதிவாகியிருக்கிறதா? ஆடும்போது மகிழ்ச்சியா, அல்லது கணக்கை முடிக்கும் அவசரமா?

நான்காவது கேள்விக்குப் பதில் வராமல் பிள்ளை தடுமாறினால் கவனிக்க வேண்டும். பள்ளி, தூக்கம், உறவு எல்லாம் பாதிக்கப்பட்டும் நிறுத்த முடியாத நிலை ஏறத்தாழ ஓராண்டு நீடித்தால், அதை விளையாட்டுக் கோளாறு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறிக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடப்பில் உள்ளது. அந்த நிலை வந்தால் கண்டிப்பைவிட மருத்துவரின் ஆலோசனைதான் உதவும்.

மற்றபடி விண்வெளிக் கப்பல் ஓட்டுவதில் தவறு எதுவும் இல்லை. எஸ்பிஎம் தேர்வு முடிந்த விடுமுறையில் நண்பர்களோடு நாலு ஆட்டம் ஆடுகிற பிள்ளையும், பொறுமையாகக் காசு சேர்த்துத் தன் முதல் பெரிய கப்பலை வாங்குகிற பிள்ளையும் மகிழ்ச்சியாகவே இருக்கலாம். மாலையில் கூடையை நிறுக்கும்போது எடையைப் பார்ப்பது தோட்டத்தில் பழகிய வழக்கம். விளையாட்டை மூடும்போதும் ஒரு முறை அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும்.