செல்போனில் பேசும் டாக்டர்

வேலம்பாளையம் பனியன் தொழிலுக்குப் பேர்போன ஊர். முன்பு தனி நகராட்சியாக இருந்தது. 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

இங்கே கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என்று கணவனும் மனைவியும் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். ஒரு ஷிப்ட் தவறினால் அந்தக் கூலி போனதுதான்.

அப்படிப்பட்ட வீட்டில் குழந்தைக்கு நீண்ட நாள் நோய் வந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா? திருப்பூர் ஆஸ்பத்திரி என்றால் அரை நாள். கோவை என்றால் சுமார் 50 கிலோமீட்டர். முழு நாளும் போய்விடும்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது செல்போன்.

சிறுவர்களுக்கும் சர்க்கரை நோய்

சர்க்கரை நோய் பெரியவர்களுக்கு மட்டுமே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குழந்தைகளுக்கும் வரும். அதற்கு "டைப் 1" என்று பெயர். உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிடுவதால் தினமும் ஊசி போட்டே தீரவேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்க்கவேண்டும்.

அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கவேண்டும். காய்ச்சல், வாந்தி வந்தால், "பிள்ளை சாப்பிடவில்லையே" என்று ஊசியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அன்று எத்தனை யூனிட் போடுவது? அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். அடுத்த மாதம்வரை காத்திருக்க முடியாது. குறித்து வைத்த அளவுகளைப் படம் பிடித்து அனுப்பினால், டாக்டர் பார்த்துப் பதில் சொல்லலாம்.

அரசாங்க விதி

இந்திய அரசு 2020 மார்ச் 25-ந் தேதி இதற்கு விதிமுறை வகுத்தது. போன், வீடியோ, வாட்ஸ்அப் எதன் மூலமும் டாக்டர் ஆலோசனை சொல்லலாம். நோயாளிக்கு 16 வயதோ அதற்குக் கீழோ என்றால், பெரியவர் ஒருவர் உடன் இருக்கவேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசும் "இ-சஞ்சீவனி" வசதியும் வந்தது.

பிரிட்டனில் கண்டது

பிரிட்டனில் 20 மருத்துவக் குழுக்களிடம் வைத்தியம் பெறும் 16 முதல் 24 வயது வரையுள்ள இளைஞர்களை ஆராய்ந்தார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. தங்களை ஏற்கெனவே அறிந்த டாக்டரோடு, தேவையான நேரத்தில் தொடர்புகொள்ள முடிந்தபோது அவர்களுக்கு நம்பிக்கை வளர்ந்தது. "அறிந்த டாக்டர்" என்பதுதான் இதில் முக்கியம்.

தாய்மார்கள் கவனிக்க

ஆகவே முதலில் குழந்தையை நேரில் காட்டுங்கள். எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேசலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது என்றால், வீட்டிலிருக்கும் பாட்டியின் எண்ணையும் கொடுத்துவையுங்கள். பலர் பார்க்கும் குரூப்பில் குழந்தையின் ரிப்போர்ட்டைப் போடாதீர்கள்.

மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் மெசேஜ் அனுப்பிக் காத்திருக்கவேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. டாக்டர் பேசும்போது போனைக் குழந்தையிடமும் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் எப்போது தலை சுற்றுகிறது, எந்த வேளை ஊசியை மறந்தது என்பதெல்லாம் குழந்தைக்குத்தானே தெரியும்? நாளை வளர்ந்த பிறகு தன் நோயைத் தானே கவனிக்கவேண்டியதும் அந்தக் குழந்தைதான். இப்போதே பேசிப் பழகட்டும்.