உங்களுக்குத் தெரியுமா? வேண்டுமென்றே தேய்த்த எழுத்துகள்

சினிமா போஸ்டர், டீ-ஷர்ட், காபிக் கடையின் பெயர்ப்பலகை என்று பல இடங்களில் விளிம்பு சிதைந்த, மை திட்டுத்திட்டாய் விட்டுப்போன எழுத்துகளைப் பார்க்கிறோம். அச்சகத்தின் கவனக்குறைவு அல்ல அது. அப்படித்தான் தெரியவேண்டும் என்று பொறுமையாக உருவாக்கிய ஃபாண்ட்கள் அவை.

◆ இந்தப் பழக்கம் கணினிக்கு முந்தியது. 1890களில் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பு நிறுவனத்துக்காக பெர்ன் நடால் என்பவர் ஓர் எழுத்துரு வரைந்தார். வார்ப்பில் இருந்து புத்தம்புதிதாய் வந்த ஈய எழுத்துதான். ஆனால் பல்லாண்டு அச்சில் அடிபட்டு மூலை உதிர்ந்த தோற்றம். முதலில் அதன் பெயர் ‘ஃபிஃப்டீந்த் செஞ்சுரி’. 1920களில் ‘காஸ்லான் ஆன்டிக்’ என்று மாற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டு லண்டனின் புகழ்பெற்ற வில்லியம் காஸ்லான் செதுக்கிய எழுத்துகளுக்கும் இதற்கும் உறவே கிடையாது. ‘லே மிசெராப்ல’ இசை நாடகத்தின் விளம்பரத் தலைப்பில் இருப்பது இதுதான்.

◆ உண்மையான தேய்மானத்துக்குக் காரணம் உண்டு, இடமும் உண்டு. போஸ்டருக்கான பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் எடையும் கூடும், விலையும் கூடும். 1827இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் ஏராளமாகக் குடைந்தெடுக்க வழி கண்டார். பெரும்பாலும் மேப்பிள் மரம். மூலைகள்தான் முதலில் நசுங்கும். கீழே விழுந்தால் விளிம்பு தெறிக்கும். மரம் எங்கே லேசாக உள்வாங்கியதோ அங்கே மை ஏறாது, தாளில் வெள்ளைத் திட்டு விழும். அழுத்தம் குறைந்தால் மரத்தின் ரேகையே அச்சாகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், டூ ரிவர்ஸ் ஊரில் இருக்கும் ஹாமில்டன் மர எழுத்து அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட எழுத்துகளைப் பாதுகாத்து வருகிறார்கள். நல்ல ஃபாண்ட் இந்தக் காரணங்களை மதிக்கும். எழுத்து முழுக்க ஒரே சீராகப் புள்ளி தூவியிருந்தால் அது எந்தப் பொருளும் தேய்ந்த விதம் அல்ல; கண் அதை உடனே பொய் என்று கண்டுகொள்ளும்.

◆ ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் தலைப்பு எழுத்து ஒரு தட்டச்சு இயந்திரத்தில் இருந்து வந்தது. நெதர்லாந்தின் எரிக் வான் ப்ளோக்லாண்ட், பெர்லினில் தோழி ஒருவரிடம் இருந்த பழைய இயந்திரத்தில் அடித்த எழுத்துகளைக் கொண்டு 1991இல் ‘ட்ரிக்ஸி’யை உருவாக்கினார். பெயரும் அந்தத் தோழியுடையதே. துணி ரிப்பனின் இழையும் தூசியும் சேர்ந்து ‘e’, ‘a’ போன்ற எழுத்துகளின் உள்வட்டத்தை அடைத்துவிடுமே, அந்த அடைப்பும் ஃபாண்டில் அப்படியே இருக்கிறது.

◆ தேய்ந்த ஃபாண்டைக் காட்டிக்கொடுப்பது இரட்டை எழுத்து. ஒரே சொல்லில் வரும் இரண்டு ‘o’விலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் மாயம் கலைந்துவிடும். அதனால் இப்போது ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை வைத்து, அடுத்தடுத்து வரும்போது தானாக மாறும்படி செய்கிறார்கள். வான் ப்ளோக்லாண்டும் யூஸ்ட் வான் ராஸமும் உருவாக்கிய ‘பேயோவுல்ஃப்’ எழுத்துரு இதற்கு முன்பே இன்னும் துணிச்சலான வேலை செய்தது: அச்சடிக்கும் ஒவ்வொரு முறையும் பிரிண்டரே விளிம்புப் புள்ளிகளை வெவ்வேறாக நகர்த்தும். எந்த இரண்டு எழுத்தும் ஒன்றுபோல் வராது. 2011இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்த 23 எழுத்துருக்களில் இதுவும் ஒன்று.

◆ 1995இல் வெளிவந்த டேவிட் ஃபின்ச்சரின் ‘செவன்’ படத் தொடக்கத்தில் நடுங்கும் எழுத்துகளில் பல ஃபாண்ட் அல்ல; தலைப்புகளை வடிவமைத்த கைல் கூப்பரின் குழு கையாலேயே கீறியவை.

◆ ‘அவதார்’ படத்தின் தலைப்பில் பயன்பட்ட ‘பபைரஸ்’ எழுத்தை கிறிஸ் காஸ்டெல்லோ 1982இல், 23 வயதில், சொரசொரப்பான தாளில் பேனாவால் எழுதி உருவாக்கினார். ஆறு மாத உழைப்பு.

◆ தேய்ந்த ஃபாண்ட்கள் தலைப்புக்கு மட்டும். சிறிய அளவில் வைத்தால் கீறல் எல்லாம் அழுக்காகத் தெரியும். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் மிக நுண்ணிய புள்ளிகளை வலைத்துணி தாங்காது, பாதி அடைபடும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தால் உதிரித் துணுக்குகளைப் பிய்த்தெடுப்பதே பெரும்பாடு.

◆ தமிழில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தில் மேலே ஒரு பொட்டு விழுந்தால் அது வெறும் கறை. நமக்கோ அது மெய்யெழுத்தின் புள்ளி. ‘மலர்’ என்ற சொல்லில் ‘ர்’ தலையில் இருக்கும் புள்ளி தேய்ந்தால் ‘மலர’ ஆகிவிடும். ‘ர’வின் கால்நுனி உதிர்ந்தால் துணைக்கால் என்றே படிப்போம். பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் பல இடங்களில் புள்ளி இடவில்லை. அன்றைய வாசகர் சூழலைக் கொண்டு படித்துக்கொண்டார். ஓடும் பேருந்தில் இருந்து போஸ்டரைப் பார்ப்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் தமிழ்த் தலைப்புக்கு முதலில் தெளிவான, தடித்த எழுத்தை வைத்து, அதன்மேல் தேய்மானத்தைக் கையால் சேர்ப்பதே நல்லது. புள்ளி, சுழி, கொம்பின் முனை ஆகியவற்றை விட்டுவிட்டு, தடித்த உடற்பகுதியில் மட்டும் கீறலாம்.